வாயைத் திறக்க மறுக்கும் மகனுக்குப் பல் துலக்குவது எப்படி?

கேள்வி: பென்னாகரத்திலிருந்து ஒரு தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு 9 வயது ஆகிறது. பிறந்தவுடன் அவன் அழவில்லை. அதன் விளைவாக அறிவு வளர்ச்சி பின்தங்கியது. 3 வயதிலிருந்து வலிப்பும் இருப்பதால் ஃபெனிட்டாய்ன் மாத்திரையும் வால்ப்ரோயேட் சிரப்பும் இரண்டு வேளையும் கொடுத்து வருகிறேன். பத்துப் பதினைந்து சொற்களுக்கு மேல் அவனுக்குப் பேச வராது. ஆனாலும் நாங்கள் சொல்வதில் பெரும்பகுதி அவனுக்குப் புரிகிறது.

பல் துலக்கும் நேரம் வந்தாலே எங்கள் வீட்டில் போராட்டம்தான். பிரஷைக் கண்டதும் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிவிடுவான். அவனுடைய அப்பா கைகளைப் பிடித்துக்கொள்ள, நான் தாடையை அழுத்தித் திறந்து துலக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு முறை என் விரலைக் கடித்துவிட்டான். அதைவிட, துலக்கி முடித்தபின் அவன் என்னைப் பார்த்த பார்வையைத் தாங்க முடியாமல் பல நாட்கள் துலக்காமலேயே விட்டுவிட்டேன். இப்போது ஈறுகள் தடித்து, முன்பற்களைப் பாதி மூடும் அளவுக்கு வளர்ந்திருக்கின்றன. லேசாகத் தொட்டாலே ரத்தம் வருகிறது. பள்ளி வேனில் மற்ற பிள்ளைகள் வாய் நாற்றத்தால் அவன் பக்கத்தில் உட்கார மறுக்கிறார்கள் என்று வேனில் வரும் ஆயா சொன்னார். அன்று இரவு நான் தூங்கவில்லை.

பிடித்து வைத்தாவது துலக்குவதா, அவன் போக்கில் விடுவதா என்பது முதல் கேள்வி. ஈறு இப்படி வளர்வதற்கு மருந்து காரணமாக இருக்குமா என்பது இரண்டாவது. தருமபுரி மாவட்டத்தின் தண்ணீரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் குடும்பத்திலேயே இரண்டு பேருக்குப் பற்களில் பழுப்புக் கறை உண்டு. அவனுக்குத் துப்பவும் தெரியாது. எனவே ஃபுளோரைடு கலந்த பற்பசையைத் தொடவே கூடாது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அது சரியா?

மறுமொழி: மதுரையிலிருந்து ஒரு தாய்

சகோதரி, உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் என் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்; மற்ற இரண்டையும் மருத்துவர்கள் சொல்வதே சரி. என் மகளுக்கு இப்போது 24 வயது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவள். நீங்கள் செய்ததை நானும் மூன்று ஆண்டுகள் செய்திருக்கிறேன். பிடித்து வைத்துத் துலக்குவது அல்லது விட்டுவிடுவது என்ற இரண்டு வழிகளே உண்டு என்று அப்போது நம்பினேன். அவளுடைய சிறப்பாசிரியர் மூன்றாவது வழியைக் காட்டினார்.

அவர் சொன்னபடி முதல் வாரம் பிரஷை வாயருகே கொண்டுபோகவே இல்லை. பற்பசையும் தண்ணீரும் இல்லாத வெறும் பிரஷால் அவளுடைய உள்ளங்கையில் பத்து எண்ணும்வரை தேய்த்தேன். அவளும் என் கையில் தேய்த்தாள். அடுத்து முழங்கை, அதன்பின் கன்னம், பிறகு உதட்டின் வெளிப்பக்கம். பத்தொன்பதாம் நாள்தான் முன்பல்லைத் தொட்டேன், அதுவும் ஒன்று என்று எண்ணி முடிப்பதற்குள் எடுத்துவிட்டேன். மறுநாள் இரண்டு எண்ணினேன். இதில் மீறக் கூடாத விதி ஒன்று உண்டு: எத்தனை எண்ணுவதாகச் சொன்னோமோ அத்தனை எண்ணியதும் பிரஷை எடுத்துவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம்தான்" என்று நீட்டினால், அதுவரை சேர்த்த நம்பிக்கை ஒரே நாளில் போய்விடும். பேச்சு வராத பிள்ளைக்கு எண்ணுவது கடிகாரம் போன்றது. எப்போது முடியும் என்று தெரிந்தால், பிடிக்காததையும் அது பொறுத்துக்கொள்கிறது.

துலக்கும் இடத்தையும் மாற்றிப் பாருங்கள். குளியலறையில் எதிரே நின்று பிரஷை முகத்துக்கு நேராக நீட்டினால், யாராக இருந்தாலும் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வோம். நான் கூடத்தில் பாய் விரித்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தலைமாட்டிலிருந்து துலக்கினேன். வாய் முழுவதும் கண்ணுக்குத் தெரியும்; அவளும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். டவுன் சிண்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கழுத்தின் மேல் எலும்புகளுக்கிடையே உள்ள பிணைப்பு தளர்வாக இருக்கும் என்பதால், அவர்களின் தலையை மட்டும் ஒருபோதும் வலிந்து பின்னுக்குச் சாய்க்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். என் மகளுக்கு 12 வயதிருக்கும்போது திடீரெனக் கன்னத்தில் அறைந்துகொள்ளத் தொடங்கினாள். இரவில் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். விருப்பமான முறுக்கைக்கூடத் தள்ளிவிடுவாள். வயதுக்கு வரும் காலத்துப் பிடிவாதம் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். ஐந்து வாரங்கள் கழித்துத்தான் கீழ்க் கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ் கட்டியிருந்தது தெரியவந்தது. வலிக்கிறது என்று சொல்ல வராத குழந்தை, காதைப் பிடித்து இழுப்பதும், ஒரே பக்கமாக மெல்லுவதும், வழக்கத்தைவிட அதிகமாக எச்சில் வடிப்பதும், தலையை மோதிக்கொள்வதும்தான் அதைச் சொல்லும் விதம். அந்த ஐந்து வாரங்களை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை. உங்கள் மகனுக்கு ஏற்கெனவே வலி இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். புண்ணாகியிருக்கும் வாய்க்குள் பிரஷ் போனால், அவன் மறுப்பதை அடம் என்று சொல்ல முடியாது.

மறுமொழி: சேலத்திலிருந்து குழந்தைகள் பல் மருத்துவர்

மேலே எழுதிய அம்மா கடைசியாகச் சொன்னதையே நானும் முதலில் சொல்ல விரும்புகிறேன். வீட்டுப் பயிற்சியைத் தொடங்கும் முன் ஒரு பல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை துலக்கும் நேரத்தில் பிடித்து வைப்பதை நிறுத்தி, இரவில் மட்டும் ஈரமான மென்துணியால் எட்டும் இடங்களைத் துடைத்துவிடுங்கள். ரத்தம் வருவதைக் கண்டு துடைப்பதை நிறுத்த வேண்டாம். பல்லின் மேல் படிந்த கிருமிப் படலம் அகலாததால்தான் ஈறு ரத்தம் கசிகிறது. படலம் நீங்க நீங்க அதுவும் குறையும்.

ஈறு வளர்ச்சிக்கு ஃபெனிட்டாய்ன் காரணமாக இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு. இந்த விளைவு 1939ஆம் ஆண்டிலேயே மருத்துவ உலகில் பதிவு செய்யப்பட்டது. அம்மருந்தை உட்கொள்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஏதோ ஓரளவில் ஏற்படுகிறது. ஆனால் மருந்து மட்டும் தனியாக இதைச் செய்வதில்லை. வாய் சுத்தமாக இல்லாதபோது வளர்ச்சி வேகமாகிறது. ஈறு வளர்ந்தபின் அதன் மடிப்புகளுக்குள் பிரஷ் எட்டாமல் அழுக்கு மேலும் சேர்கிறது. இந்தச் சுழலை நாம் உடைக்கக்கூடிய இடம் துலக்குதல்தான். தயவுசெய்து எக்காரணம் கொண்டும் நீங்களாக மாத்திரையை நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். திடீரென நிறுத்தினால் விடாமல் தொடரும் வலிப்பு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். ஈறு வளர்ந்திருப்பதை நரம்பியல் மருத்துவரிடம் காட்டி, வேறு மருந்துக்கு மாற்ற இயலுமா என்று கேளுங்கள். மாற்றிய பிறகு பல குழந்தைகளுக்குச் சில மாதங்களில் ஈறு சுருங்குகிறது. மாற்ற இயலாவிட்டாலும், கூடுதல் ஈறை அகற்றிச் சரிசெய்யும் சிகிச்சை இருக்கிறது.

சிரப்பையும் கவனிக்க வேண்டும். குழந்தைகளுக்கான பல சிரப்புகளில் சர்க்கரை சேர்க்கப்படுகிறது. புட்டியின் மேல் சுக்ரோஸ் என்று இருந்தால் அது சர்க்கரையே. இரவில் துலக்கி முடித்தபின் சிரப்பைக் கொடுத்துப் படுக்கவைத்தால், எச்சில் சுரப்பு குறைந்திருக்கும் உறக்க நேரம் முழுவதும் அந்தச் சர்க்கரை பல்லில் ஒட்டியிருக்கும். எனவே மருந்தின் நேரம் மாறாமல் துலக்கும் நேரத்தை அதற்குப் பின்னால் தள்ளி வையுங்கள். காலையில் மருந்துக்குப்பின் இரண்டு வாய் தண்ணீர் குடிக்க வைத்தாலே போதும். சர்க்கரை இல்லாத வடிவம் கிடைக்குமா என்றும் மருத்துவரிடம் கேட்கலாம்.

இனி ஃபுளோரைடு. உங்கள் உறவினர்களின் அச்சத்தை நான் புறந்தள்ளவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆனால் கணக்கைப் பாருங்கள். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் உச்ச வரம்பு. அந்த அளவுள்ள நீரை ஒரு குழந்தை நாளைக்கு ஒரு லிட்டர் குடித்தால் 1.5 மில்லிகிராம் உடலுக்குள் போகிறது. நம் நாட்டில் பற்பசைக்கு விதிக்கப்பட்ட வரம்பு 1000 பிபிஎம், அதாவது ஒரு கிராம் பசையில் 1 மில்லிகிராம் ஃபுளோரைடு. ஓர் அரிசி மணி அளவு, அதாவது ஏறத்தாழ 0.1 கிராம் பசையை அவன் முழுவதும் விழுங்கினாலும் 0.1 மில்லிகிராம்தான் போகும். தவிர, மிகுதியான ஃபுளோரைடால் கறை உண்டாவது பல்லின் மேற்பூச்சு தாடைக்குள் உருவாகும் வயதில். முன்பற்களைப் பொறுத்தவரை அந்த வயது ஏறத்தாழ 8 ஆண்டுகளுடன் முடிந்துவிடுகிறது. உங்கள் மகனுக்கு 9 ஆகிவிட்டதால், அரிசி மணி அளவு பசையை இரு வேளையும் பயன்படுத்துவதில் அஞ்ச ஏதுமில்லை. துப்பத் தெரியாவிட்டால் துணியால் துடைத்துவிடுங்கள். வாய் கொப்பளிக்க வைக்கத் தேவையில்லை. சமையலுக்கும் குடிப்பதற்கும் ஆழ்துளைக் கிணற்று நீரை விட்டுவிட்டு, கூட்டுக் குடிநீரையே பயன்படுத்துங்கள். உங்கள் ஊரில் அஞ்ச வேண்டியது அந்தக் கிணற்று நீருக்குத்தான்.

பசையின் காரமோ நுரையோ சில குழந்தைகளுக்கு எரிச்சலூட்டும். பெரியவர்களின் புதினாச் சுவைப் பசையைத் தவிர்த்து, மென்மையான சுவையுள்ளதைத் தேடுங்கள். தொடக்கத்தில் பசையே இல்லாமல் துலக்கினாலும் படலம் நீங்கும். தொடுதல் பழகியபின் பசையைச் சேர்க்கலாம்.

கடிப்பதைப் பற்றி: இரு பல் வரிசைகளுக்கும் இடையே விரலை ஒருபோதும் வைக்காதீர்கள். ஆள்காட்டி விரலைக் கன்னத்தின் உட்புறமாக, பற்களுக்கு வெளியே வழுக்கிக் கொண்டுபோய்க் கன்னத்தை விலக்குங்கள். அங்கே கடிக்க முடியாது. அவன் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் பற்களின் வெளிப்பக்கம் முழுவதையும் இப்படியே துலக்கிவிடலாம். ஈறும் பல்லும் சேரும் கோட்டில் மென்மையான பிரஷைச் சாய்வாக வைத்துச் சிறு வட்டங்களாக நகர்த்துங்கள். உட்பக்கம் துலக்க வாய் திறந்திருக்க வேண்டும் என்றால், பழைய பிரஷ் ஒன்றின் கைப்பிடியில் துணியைத் தடிமனாகச் சுற்றி மறுபக்கக் கடைவாயில் மெல்லக் கடிக்கக் கொடுக்கலாம். அதையும் பத்து எண்ணும் நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். வலிப்பு வரும்போது எதையும் வாய்க்குள் திணிக்கக் கூடாது என்பதை வீட்டில் உள்ள அனைவரும் அறிந்திருக்கட்டும்.

எங்கே காட்டுவது என்று தெரியாவிட்டால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை ஒட்டி இயங்கும் மாவட்ட தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் தொடங்குங்கள். 18 வயது வரையுள்ள குழந்தைகளுக்கான தேசியத் திட்டத்தின் கீழ் அது செயல்படுகிறது. பல் நோயும் அத்திட்டத்தின் பட்டியலில் உண்டு. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் மகனைச் சேர்த்திருக்கிறீர்களா? அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம், ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அது கைகொடுக்கும்.

மறுமொழி: திருநெல்வேலியிலிருந்து ஒரு தந்தை

மதுரை அம்மா மடியில் படுக்கவைத்துத் துலக்கச் சொன்னார்கள். அவர்களின் மகளுக்கு அது பொருந்தியிருக்கிறது. ஆனால் இதைப் படிக்கும் எல்லோரும் அப்படியே செய்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். என் மகனுக்கு மூளை முடக்குவாதமும் அறிவுசார் குறைபாடும் இருக்கின்றன. அவனுக்கு விழுங்குவதே சிரமம். 7 வயதில் இப்படித்தான் படுக்கவைத்துத் துலக்கினோம். நுரையும் எச்சிலும் மூச்சுக்குழாய்க்குள் போய், நெஞ்சில் சளி கட்டி நிமோனியாவில் முடிந்தது. பதினோரு நாட்கள் மருத்துவமனையில் இருந்தோம்.

சாப்பிடும்போது அடிக்கடி புரையேறும் குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்துத்தான் துலக்க வேண்டும். நான் சக்கர நாற்காலியின் சக்கரங்களைப் பூட்டிவிட்டு, பின்னால் நின்று, அவன் தலையை என் நெஞ்சோடு அணைத்து, தாடை சற்றுக் கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்துக்கொள்கிறேன். பிரஷை நனைத்து உதறியபின், பசையை மேலே நிற்கவிடாமல் இழைகளுக்குள் அழுத்தித் தேய்த்துவிடுகிறேன். இடையிடையே துணியால் எச்சிலை ஒற்றி எடுப்பேன். இதற்கு முன்பாகக் கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையில் அடக்கி வைத்திருக்கும் சோற்றையும் ரஸ்க்கையும் எடுத்துவிட வேண்டும். என் மகன் மதியம் சாப்பிட்ட இட்லியை மாலைவரை கதுப்பில் வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சகோதரி, உங்கள் மகனுக்குப் புரையேறும் வழக்கம் இல்லையென்றால் மடியில் வைத்துத் துலக்கலாம். வீட்டில் ஆண்கள் கையைப் பிடிக்க மட்டும் வருகிறோம் என்பது எனக்கு உறுத்துகிறது. எங்கள் வீட்டில் இரவு துலக்குவது முழுக்க என் பொறுப்பு. அவனுடைய அம்மா நாள் முழுவதும் ஊட்டி, குளிப்பாட்டி, களைத்திருப்பாள். இரவு ஒன்பது மணிக்கு இந்த வேலைக்கு வேண்டிய பொறுமை அவளிடம் மிச்சமிருக்கும் என்று நான் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மறுமொழி: தஞ்சாவூரிலிருந்து ஒரு மூத்தவர்

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று நம் முன்னோர் சொன்னதை ஏன் ஒருவரும் குறிப்பிடவில்லை? என் பேரனுக்கும் மன வளர்ச்சி குறைவுதான். பிரஷை மறுத்த அவன், வேப்பங்குச்சியை நான் மெல்லுவதைப் பார்த்துத் தானும் வாங்கி மெல்லுகிறான். உப்பும் கரித்தூளும் கலந்து விரலால் தேய்த்தாலும் போதாதா?

மறுமொழி: சேலம் பல் மருத்துவர்

ஐயா, உங்களைப் பார்த்துப் பேரன் செய்கிறான் என்பது மிக அருமையான செய்தி. சொல்லால் விளக்கினால் எட்டாத பல குழந்தைகளுக்குப் பார்த்துச் செய்வதுதான் வழி. உங்கள் கையில் குச்சிக்குப் பதிலாகப் பிரஷ் இருந்தால் அவன் அதையும் பின்பற்றுவான். தயவுசெய்து முயன்று பாருங்கள். குச்சியைப் பக்குவமாக மென்று துலக்கப் பெரியவர்களால் முடியும். விழுங்குவதிலும் கடிப்பதிலும் கட்டுப்பாடு குறைந்த குழந்தையின் வாயில் அது பிளந்து ஈறில் குத்தலாம், துண்டாகி மூச்சுக்குழாயிலும் சிக்கலாம். உப்பும் கரியும் உரசி உரசிப் பல்லின் மேற்பூச்சைத் தேய்த்துவிடும். ஈறு புண்ணாக இருந்தால் எரியவும் செய்யும்.

மறுமொழி: பென்னாகரம் தாய், ஏழு வாரங்களுக்குப் பின்

உடனே பதில் எழுதாததற்கு அனைவரும் பொறுத்துக்கொள்ள வேண்டும். செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

பல் மருத்துவரிடம் காட்டியதில் மேல் கடைவாயில் இரண்டு பால்பற்கள் வேர்வரை சொத்தையாகியிருந்தன. அவற்றை எடுத்துவிட்டார்கள். இன்னும் ஆழமாகாத இரண்டு சொத்தைகளுக்கு, ஊசியும் துளைப்பானும் இல்லாமல் வெள்ளி கலந்த ஃபுளோரைடு திரவத்தைத் தடவினார்கள். தடவிய இடம் கறுத்துவிடும் என்று முன்பே சொல்லிக் கேட்டுக்கொண்டுதான் செய்தார்கள். கறுத்தால் என்ன, வலியில்லாமல் இருந்தால் போதும். நரம்பியல் மருத்துவர் ஃபெனிட்டாய்னைப் படிப்படியாகக் குறைத்து வேறு மருந்துக்கு மாற்றத் தொடங்கியிருக்கிறார். ஈறு இன்னும் தடிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் ரத்தக் கசிவு பெரிதும் குறைந்துவிட்டது.

வீட்டில் உள்ளங்கையிலிருந்து தொடங்கினேன். பிடித்து வைப்பதை நிறுத்திய முதல் பத்து நாட்கள் எதுவுமே நடக்கவில்லை என்று தோன்றியது. பிரஷை எடுத்ததும் அறையைவிட்டு ஓடுவதை மட்டும் அவன் நிறுத்தியிருந்தான். அதுவே முன்னேற்றம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இப்போது இரவில் அவனுடைய அப்பாவின் மடியில் படுத்துக்கொள்கிறான். வலது பக்கம் பத்து, இடது பக்கம் பத்து, முன்னால் பத்து என்று அவர் எண்ண, ஒவ்வொரு "பத்து" வரும்போதும் இவனும் சேர்ந்து சொல்கிறான். முடிந்ததும் பிரஷைக் கழுவிக் குவளையில் வைப்பது அவன் வேலை. மருந்து, துலக்குதல், கதை, தூக்கம் என்று நான்கு படங்களைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். துலக்கியதும் மூன்றாவது படத்தை அவனே விரலால் காட்டுகிறான்.

கீழ்வரிசையின் உட்பக்கம், நாக்கை ஒட்டிய பகுதிக்கு மட்டும் இன்னும் விடுவதில்லை. பிரஷ் அங்கே போனதும் குமட்டுகிறான். என்ன செய்யலாம், டாக்டர்?

மறுமொழி: சேலம் பல் மருத்துவர்

படித்ததும் மனம் நிறைந்தது, அம்மா. குமட்டல் பெரும்பாலும் பிரஷின் தலை பெரிதாக இருந்து நாக்கின் பின்பகுதியைத் தொடுவதால் வருகிறது. இரண்டு வயதுக் குழந்தைக்கான மிகச் சிறிய தலையுள்ள பிரஷை அந்த இடத்துக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட உடனே துலக்காமல் அரை மணி நேரமாவது கழியட்டும். கீழ் முன்பற்களின் உட்பக்கத்தில் தொடங்கி, ஒரு வாரத்துக்கு ஒரு பல் வீதம் பின்னோக்கிச் செல்லுங்கள். இந்தப் பகுதியைக் கடைசியாக வைக்காமல், அவன் பொறுமை குறையாதிருக்கும் முதல் பத்து எண்ணிக்கையிலேயே முடித்துவிடுங்கள். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஃபுளோரைடு பூச்சுக்கு அவனை அழைத்து வரச் சொல்லியிருப்பார்கள். அந்த நாட்களில் சிகிச்சை எதுவும் இல்லாவிட்டாலும், பல் மருத்துவரின் நாற்காலியில் சற்று நேரம் உட்கார்ந்து வரட்டும்.